களர்மண்ணில் வல்லாரை நட்ட படலம்

அன்று கொல்லையில் இருந்தவர்கள் ஐவர்: கடப்பாரை ஏந்திய என் தம்பி, அவன் மனைவி, மகள், மகளின் மாமனாரான மூலிகை வைத்தியர், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லக் கடமைப்பட்ட நான். பாத்தியில் ஒரு வல்லாரையும் இருந்தது. உயிர் இல்லாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

வாழ்க என் தம்பி. முப்பத்தாறு ஆண்டுகள் பிறர் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தவன். சொந்த நிலத்தில் ஒரு கீரைத்தண்டும் காணாத கோமான். எங்கள் குலத்தின் மானத்தை நாவிலேயே சுமந்து திரிபவன்.

போர் மூண்டது ஒரு சொல்லால். விருந்துக்கு வந்த வைத்தியர் கொல்லையை எட்டிப் பார்த்து, "உங்க மண்ணுல முள்ளுகூட முளைக்காது, சம்பந்தி" என்றார்.

தம்பி எழுந்து நின்றான். "நூறு நாள்ல வல்லாரை பறிச்சு உங்க கையில தரேன். தரலைன்னா உங்க வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

மகள் வாழ்வது அந்த வாசற்படிக்கு உள்ளே என்பது சபதம் முடிந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

வல்லாரையோ வாய்க்கால் ஈரத்தில் செழிக்கும் சுகவாசி. எங்கள் கொல்லையோ உப்புப் பூத்து வெளுத்த களர். ஆயினும் அஞ்சாத என் தம்பி, கடப்பாரை நெளிய நிலத்தைப் பிளந்து, அனல் கக்கும் கதிரவனுக்கு எதிரே பச்சை வலையைக் கேடயமாய் உயர்த்தி, விடியல்தோறும் காலிமனையைக் குறுக்கே கடந்து மாட்டுக்கொட்டகையிலிருந்து எருக்கூடை சுமந்து, குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரையும் குடம் குடமாய் வார்த்து, நட்ட வல்லாரை ஒவ்வோர் இலையாக மஞ்சளாவதைக் கண்டான். இடையே நெருஞ்சி என்னும் முட்படை முளைத்தது. அதை வேரோடு பறித்து, வெற்றி முழக்கத்துடன் சுவரோரம் வீசினான், மறுவாரம் அது இரட்டிப்பாய் எழுந்தது, மீண்டும் வீசினான்.

"ஏங்க, அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றாள் மனைவி.

"எதிரிக்குப் பரிஞ்சு பேசாத."

நூறாம் நாள் காலை வல்லாரை வீர சுவர்க்கம் எய்தியது. மாலை வைத்தியர் மருமகளோடு வந்தார். சருகைப் பார்த்தார். மகள் தலை குனிந்தாள். தம்பி கடப்பாரையை இறுகப் பற்றினான். வைத்தியரோ அவனைத் தாண்டிச் சுவரோரம் போய்க் குந்தினார். அங்கே பொன்னிறப் பூக்களோடு ஒரு பாய் அகலத்துக்கு நெருஞ்சி படர்ந்திருந்தது.

"மூத்திரக் கல்லடைப்புக்கு இதைத் தேடி நான் எங்கெங்கயோ அலையிறேன். யாரு வளர்த்தது?"

"நாங்கதான்" என்றான் தம்பி, தொண்டையைச் செருமி.

"ஆமா. பிடுங்கிப் பிடுங்கியே வளர்த்தாரு" என்றாள் மனைவி.

வைத்தியர் விரலில் ஏறிய முள்ளைப் பிடுங்கினார். "முள்ளுகூட முளைக்காதுன்னு சொன்னது என் தப்புதான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, சம்பந்தி."

குலமானம் மீண்டது, மகள் முகம் மலர்ந்தது, கடப்பாரை தரையில் சாய்ந்தது. அந்த நெருஞ்சியைத் தம்பியே விதை தேடி விதைத்தான் என்று உறவினரிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு.

காலிமனை வழியாகப் போய் வந்ததில் அவன் செருப்பில் குத்திக்கொண்டு வந்தது.