எட்டடிப் பாணி

உத்திரமேரூர் வட்டாரத்துக்குப் பெருமை இரண்டு. ஒன்று, கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. மற்றொன்று, மானாம்பதிக்குப் பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் ஏகாம்பரமாக இருக்கிறது. கல்வெட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரன் இங்கே வருவான். இசையைக் கேட்க இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போன மகான் ஏகாம்பரம் ஒருவர்தான்.

பஞ்சாயத்து ரேடியோவில் கொழும்பு பிடிபட்ட ஒரு சாயங்காலம், 'கொழும்பு தாஸ்' என்பவர் கிளாரினெட் வாசித்தார். ரெண்டு கழனி தாண்டி யாரோ ஊதுகிற மாதிரி, நாதம் காற்றில் ஏறி இறங்கி வந்து காதில் விழுந்தது. உழவு மாடு செத்தபோதுகூட அழாத ஏகாம்பரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாஸ் மைக்கிலிருந்து எட்டடி தள்ளி நின்றுதான் வாசிப்பாராம். அதற்கு 'எட்டடிப் பாணி' என்று ஒரு பத்திரிகையே பெயர் வைத்திருந்தது. உடனே பம்ப்செட் கொட்டகையில் 'எட்டடி ரசிகர் சபா' உதயமாயிற்று. தலைவர் ஏகாம்பரம். செயலாளர் முத்துகிருஷ்ணன். அந்தப் பம்ப்செட்டில் தண்ணீர் வாங்குகிறவர்கள் எல்லாரும் 'தாமாகவே முன்வந்த' உறுப்பினர்கள்.

"எட்டுன்னா எட்டு திசை" என்று தலைவர் உரையாற்றினார்.

"எட்டு லட்சுமி" என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

"சனி பகவானுக்கும் எட்டுதாங்க" என்றான் வெளியே மண்வெட்டியோடு நின்ற பண்ணையாள் முனியன்.

"உன்ன யாருடா கேட்டது? எட்ட நில்லு!"

முனியன் நின்றான்.

தலைவர் கொழும்பு சென்று, இந்தப் பாணியைத் தாஸுக்குக் கற்றுக்கொடுத்த குருவைக் கண்டுபிடித்து, சித்திரைத் திருவிழாவில் அவருக்கு மாலை போடுவது என்று தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. நோட்டீசும் அச்சாகிவிட்டது. குருவின் பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. ஏகாம்பரத்தின் மானம் மரியாதையெல்லாம் அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது.

"திருத்தணிக்கு இட்டுக்கினு போங்கன்னு பத்து வருசமா கேட்டுக்கினு கீறேன். எவனோ ஊதறதக் கேக்கக் கடல் தாண்டணுமா?" என்றாள் அவர் மனைவி ஆதிலட்சுமி.

"கலைக்குத் தூரம் இன்னாடி தூரம்!"

பாஸ்போர்ட் போட்டோவுக்கு விறைத்து உட்கார்ந்தார். கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் தடுப்பூசிக்குக் கை நீட்டினார். கப்பலில், அதுவரை தின்ற நாஷ்டா அத்தனையையும் கடலுக்குத் தானம் செய்தார். கலைக்காக இவ்வளவு கொட்டியவர் வேறு யார்?

கொழும்பில் முதல் வரிசை நாற்காலி. தாஸ் மேடையேறினார். மைக்கைப் பார்த்தார். பின்பக்கமாகவே நடந்து போய்த் தள்ளி நின்று ஊதினார். ஏகாம்பரம் இந்தத் தடவை கண்ணைத் துடைக்கவும் மறந்துபோனார். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடி, தாஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க குரு யாரு? எந்த தேசத்துல இருந்தாலும் சரி, இட்டுக்கினு போவாம நான் நகர மாட்டேன்."

தாஸ், தம்மைப் பிடித்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தார்.

"ஆண்டே, சௌக்கியமா கீறீங்களா? நான் சிட்டம்மா மவன் அருள்தாசுங்க. நம்மூரு சேரி. உங்க பொண்ணு கல்யாணத்துல பேண்டு செட்டுல ஊதனது நான்தான்."

"அருள்தாசா? அப்டி ஒரு பேரே நான் கேட்டதில்லையேப்பா."

"நீங்க கேட்டாத்தானே? 'டேய் கொழலு'ன்னுதான் கூப்புடுவீங்க."

ஏகாம்பரம் பிடித்த கையை விட்டார். "அப்ப இந்த எட்டடி...?"

"எட்டடி இல்லீங்க, எட்ட. ஏன் தள்ளி நிக்கறேன்னு பத்திரிகைக்காரரு கேட்டாரு. எட்ட நின்னாத்தான் ஊத வருதுன்னேன். அவரு காதுல எட்டடின்னு வுழுந்துடுச்சு. உங்க தெரு மொனைல ஒரு கல்லு கீது பாருங்க, நாங்க அதத் தாண்டக் கூடாதுன்னீங்க. அங்க நின்னு ஊதனா பந்தல்ல கேக்கணும். நீங்களும் பந்தல்லேர்ந்து 'இன்னும் எட்ட, இன்னும் எட்ட'ன்னு கைய ஆட்டிக்கினே இருந்தீங்க. மூச்சு அப்டியே பழகிப்போச்சு." தாஸ் பணிவாகக் கும்பிட்டார். "குருன்னா நீங்கதாங்க."

ஊர் திரும்பியபோது முனியன் டிரங்குப் பெட்டியைத் தெருமுனைக் கல்வரை சுமந்து வந்து இறக்கினான். அங்கே சபா மாலையோடும் பேனாவோடும் காத்திருந்தது.

"குரு பேரு இன்னாங்க?" என்றார் முத்துகிருஷ்ணன்.

தம்மைக் காட்ட எழுந்த ஏகாம்பரத்தின் விரல், பாதி வழியில் தடுமாறிக் கல்லைக் காட்டியது.

சபாவுக்கு மெய்சிலிர்த்தது. மாலை கல்லுக்கு விழுந்தது. திருவிழாவுக்குள் குங்குமம் வைத்து, பாவாடை கட்டி, கற்பூரமும் காட்டிவிட்டார்கள். முன்பு நாலு பேர் சேர்ந்தால் அதைப் பெயர்த்து எறிந்திருக்கலாம். இப்போது சாமியாகிவிட்டது, எவன் கை வைப்பான்?

முனியனும் கும்பிட வந்தான்.

"எட்ட நின்னு கும்புடுடா!" என்றார் ஏகாம்பரம்.

வட்டாரத்துக்குப் பெருமை இரண்டு என்று சொன்னோம் அல்லவா? இரண்டும் கல்தான்.