பதினோரு பக்கத்திலும் அத்தையின் சாப்பு

கிள்ளான்
சனிக்கிழமை

மரியாதைக்குரிய மார்க்கிரட் அத்தைக்கு,

இல்லை. கிடைக்கவில்லை.

நேற்றிலிருந்து ஏழு குரல் செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டீர்கள். இரண்டு வரிக்கு மேல் போகும் விஷயத்தைக் கைப்பேசியில் தட்டக்கூடாது, கடிதமாக எழுத வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். இது இரண்டு வரிக்கு மேல் போகும்.

நலமாக இருக்கிறீர்களா. முட்டிவலி எப்படி. பிரிக்பீல்ட்ஸில் மழையா. இங்கே அப்பா நலம். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

நான் விண்ணப்பித்தது உத்தியோகத்துக்கு அல்ல என்று ஜனவரியிலேயே சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. மறுபடி சொல்கிறேன். சில மென்பொருள்களின் நிரலைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம். மாணவர்கள் மூன்று மாதம் ஒரு வழிகாட்டியின் கீழ் இருந்து அதில் ஒரு பகுதியை எழுதிக்கொடுக்க ஒரு திட்டம் உண்டு. நான் தேர்ந்தெடுத்தது, நம் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுகிறதே, அந்த மென்பொருள்தான். அப்பாவிடம் இதை விளக்கியபோது அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "அவன் சும்மா குடுக்கறான். நீ போயி சும்மா செஞ்சு குடுக்கப் போற. இதுக்குப் பரீட்சை வேற வைக்கிறானா?"

ஆனாலும் அப்பா தவணை கொடுத்தார். மே எட்டாம் தேதி வரை. கிடைத்தால் மூன்று மாதம் வீட்டிலிருந்து நிரல் எழுதலாம். கிடைக்காவிட்டால் சபைக் கமிட்டி சுகுமாறன் அங்கிள் பார்த்து வைத்திருக்கும் வேலை. ஷா ஆலமில் ஒரு கிடங்கு. வந்த பெட்டி எத்தனை, போன பெட்டி எத்தனை என்று நாள் முழுக்கத் தட்ட வேண்டும். "கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைக்குக் கம்ப்யூட்டர் முன்னாலதானே வேலை, அப்புறம் என்னலா" என்றார் அங்கிள். அந்தக் கேள்விக்கு அந்தத் திட்டம்தான் என் பதில்.

எட்டாம் தேதி நேற்று வந்தது. போனது.

இனி உங்கள் பங்கு.

பிப்ரவரியில் என் திட்ட அறிக்கையைத் தாளில் பார்த்துத் திருத்தலாம் என்று கொமுட்டர் ரயிலேறி உங்கள் வீட்டுக்கு வந்தேன், உங்களிடம் பிரிண்டர் இருக்கிறது என்கிற ஒரே காரணத்தால், பதினோரு பக்கம், இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உங்கள் மேசையிலேயே மறந்துவிட்டு வந்தேன், அதுதான் என் குற்றம், அது ஒன்றுதான், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது எதிலும் நான் இல்லை. நீங்கள் அந்தப் பிரதியை எடுத்து முதல் பக்கத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியைப் பார்த்து அது ஏதோ ஓர் அலுவலகத்தின் முகவரி என்று நினைத்து, ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆன பிறகும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கும் தலைமையாசிரியை முத்திரையை, நீங்கள் சொல்லும் அந்தச் சாப்பை, வெளியே எடுத்து, 'டிசாக்கான் பெனார்', அதாவது இது அசலுக்குச் சமமான நகல்தான் என்று, பதினோரு பக்கத்திலும் அடித்திருக்கிறீர்கள். ஏழாம் பக்கத்தில் இருந்தது வெறும் நிரல். நாற்பது வரி. அதன் மேலும் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். அந்த நாற்பது வரியில் பதினேழாவது வரி தப்பு. உலகத்திலேயே தலைமையாசிரியை ஒருவரால் உறுதி செய்யப்பட்ட முதல் பிழை அதுவாகத்தான் இருக்கும்.

ஏன் அத்தை என்று கேட்டேன். நினைவிருக்கிறதா நீங்கள் சொன்னது?

"சாப்பு இல்லாத தாள எந்த ஆபிசுலடி பாப்பான்? குப்பையில போடுவான். நான் முப்பத்தோரு வருஷம் போட்டிருக்கேன்."

அது அலுவலகம் இல்லை. அந்த முகவரிக்கு எழுதினால் ஆயிரத்து நூறு பேருக்குப் போகும். பல நாட்டுக்காரர்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. அவர்கள் எல்லோருக்கும், 'பொறுப்பதிகாரி அவர்களுக்கு' என்று தொடங்கி, என் பரீட்சை முடிவு, ஞாயிறு பள்ளி வருகைச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், அடையாள அட்டையின் முன்னும் பின்னும் என எல்லாவற்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் சாப்பு. பிரேசிலிலிருந்து ஒருவர் அந்த முத்திரை புதுவிதமான கணினிக் கையொப்பமா என்று விசாரித்தார். இன்னொரு மாணவன் பயந்துபோய், தனக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை, விண்ணப்பிக்கலாமா என்று கேட்டான். அன்றைக்குள் நான்கு பேர் தங்கள் பள்ளி முதல்வர்களின் கடிதத்தை அனுப்பிவிட்டார்கள். ஒருவன் ஊர்த்தலைவரிடம் வாங்கி அனுப்பினான். கடைசியில் வழிகாட்டி, அவர் ஃபின்லாந்துக்காரர், விதிமுறைப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: சான்றிதழ்கள் தேவையில்லை, உறவினர்கள் எழுத வேண்டியதில்லை. இப்போது எல்லோரும் அதை மார்க்கிரட் விதி என்கிறார்கள்.

நீக்கச் சொல்லி எழுதினேன், அவருக்கு மட்டும். அடையாள அட்டையை இரக்கப்பட்டு மறைத்தார். மற்றதை நீக்க முடியாதாம். பொதுவில் வந்தது பொதுவிலேயே இருக்கும், அது அவர்கள் கொள்கை. இன்று யாராவது இணையத்தில் என் பெயரைத் தேடினால் நான் எழுதிய எதுவும் முதலில் வராது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதி வரும்.

இதையும் பொறுத்திருப்பேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

'மேலும், தங்கள் மென்பொருள் பற்றி ஒரு புகார்.' அப்படித் தொடங்குகிறது அது. தமிழ்ப் பாட்டின் வரி நீளமாக இருந்தால் கடைசி வரி சுவரில் தெரிவதில்லை. இதனால் மூன்று வருஷமாகச் சபையார் ஒவ்வொரு சரணத்திலும் கடைசி வரியைப் பாடுவதில்லை. முனகுகிறார்கள். பாஸ்டர் மட்டும் மனப்பாடமாகப் பாடுகிறார். அவரும் போன மாதம் ஆமென் வரை போகவில்லை. இப்படி எழுதி, ஆறு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதி, பாட்டு எண், எத்தனையாவது வரிசையிலிருந்து பார்த்தீர்கள் என்பது வரைக்கும் கொடுத்திருக்கிறீர்கள்.

அவர்கள் பதில் போட்டார்கள். எனக்கு அல்ல. உங்களுக்கு. சுவரைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, மார்க்கிரட்? சுவரின் உயரம் என்ன, மார்க்கிரட்? முதலில் உங்களுக்குக் கோபம். "பேரச் சொல்லிக் கூப்பிடறான். அவன் வயசு என்ன, என் வயசு என்ன?" மூன்றாவது கடிதத்தில் நீங்களே கீழே 'மார்க்கிரட்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டீர்கள். முப்பத்தோரு வருஷத்தில் உங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று நினைக்கிறேன். மொத்தம் பதினான்கு கடிதம். உங்கள் புகாருக்கு எண் கொடுத்தார்கள். 2906. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் எடையைச் சொல்வது மாதிரி அதை நீங்கள் என் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னீர்கள்.

நேற்று வந்த பட்டியலில் என் பெயர் இல்லை. அதே பக்கத்தின் கீழே, மென்பொருளைச் சோதித்துப் பார்க்க அழைக்கப்பட்டவர்கள் என்று ஆறு பெயர். நான்காவது நீங்கள்.

எதற்குமே விண்ணப்பிக்காத நீங்கள் உள்ளே. நான் திங்கட்கிழமை ஷா ஆலமில்.

யார் காரணம் என்று நான் எழுத மாட்டேன். பதினோரு பக்கத்திலும் அவர் சாப்பு இருக்கிறது.

உங்கள் முட்டி சீக்கிரம் குணமாகட்டும். கர்த்தர் உங்களைக் காக்கட்டும், உங்கள் பிரிண்டரிலிருந்து என்னையும். அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். உண்மையில் சொல்லச் சொல்லவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் தம்பி மகள்,
விவியன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் காலையில் எழுதி முடித்தேன். மதியம் வழிகாட்டியின் பதில் வந்தது. ஏன் எடுக்கவில்லை என்று நேற்று அவருக்கு எழுதிக் கேட்டிருந்தேன். காரணம் அத்தைதான் என்று அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும், அதுதான் நோக்கம்.

வரவில்லை. விவியன், உங்கள் அறிக்கை நன்றாக இருந்தது, என்கிறார். ஆனால் ஜனவரியிலிருந்து எங்களிடம் நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாதி முடிந்த எதையும் காட்டவில்லை. திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம், வந்து பேசுங்கள் என்று. மார்க்கிரட் எழுதியிராவிட்டால் நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. பதினேழாவது வரியில் உள்ள தப்பை முதல் வாரமே கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்போம்.

அந்த முதல் பக்கத்தை நான் படித்திருக்கிறேன் அத்தை. பல தடவை. என் மின்னஞ்சல் கணக்கில் அனுப்பாத கடிதங்கள் என்று ஓர் அறை இருக்கிறது. இப்போது திறந்து எண்ணிப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து அந்தப் பொது முகவரிக்கு எழுதியவை இருபத்து மூன்று. ஒவ்வொன்றிலும் அந்தப் பதினேழாவது வரி பற்றிய ஒரே கேள்வி, வேறு வேறு முதல் வரியோடு. ஆயிரத்து நூறு பேர் என்னை முட்டாள் என்று நினைப்பார்கள் என்று ஒன்றைக்கூட அனுப்பவில்லை. சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

மேலே உங்களைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாம். அடித்தல் திருத்தல் உள்ள தாளை நீங்கள் படிக்க மாட்டீர்கள். அதனால் அப்படியே விடுகிறேன். அதில் இருப்பது எதுவும் பொய்யில்லை. காரணம் மட்டும் அதில் இல்லை.

உங்கள் 2906ஐச் சரிசெய்ய இன்னும் யாரும் எடுக்கவில்லையாம். வழிகாட்டி சொல்கிறார். சம்பளம் கிடையாது, பெயர்ப்பட்டியலும் கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். அப்பா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தப் பின்குறிப்பை எழுத உட்காருவதற்கு முன்னால், அந்தக் கடைசி வரியைச் சுவரில் காட்ட எழுதத் தொடங்கிப் பாதியில் நிற்கும் பதினாறு வரி நிரலை 2906இன் கீழ் ஒட்டி, இது ஏன் ஓடவில்லை என்று கேட்டு, எல்லோரும் பார்க்கும்படி அனுப்பினேன். பிறகு திங்கட்கிழமைக்கு வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டேன்.