உம்மா கூப்பிட்ட சத்தம்

கற்பிட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் மஸாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் உங்கள் றாத்தா கமறியாவும் எங்கள் மகன் றிஸ்மினும் நலம். தோட்டத்து வெங்காயத்துக்கு மட்டும் சுகமில்லை. கட்டாரில் நீங்களும் வீட்டாரும் நன்றாயிருக்க துஆச் செய்கிறோம். வட்ஸ்அப் இருக்க இந்த மனிதன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். நான் போனில் பேசினால் அடுத்த தெருவுக்கும் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இது உங்கள் றாத்தாவின் காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதனால்தான் நாளைக்கு அங்கே வருகிற அயல்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

றிஸ்மினுக்கு உங்கள் கம்பனியில் ஒரு வேலை பார்த்துத் தர வேண்டும். உதைபந்து முடிந்துபோனது மச்சான்.

போன வருடம் கொழும்புக் கழகமொன்று அவனைச் சம்பளத்துக்கு எடுத்தபோது நான் தெருவுக்கே சர்பத் கொடுத்தேன். அவன் பின்களத்தில் விளையாடுகிறவன், அதாவது கோல் போடுகிறவன் அல்ல, போட விடாமல் மறிக்கிறவன், இதை ஊராருக்கு விளங்கப்படுத்தியே என் தொண்டை வற்றிவிட்டது, "எத்தன கோல் போட்டான்?" என்று கேட்பார்கள், "ஒன்டும் போடல்ல" என்றால் பாவப்பட்டு என் முதுகைத் தடவிவிட்டுப் போவார்கள். அங்கே போனவன் மாதக்கணக்காக ஆட்டத்தில் இறங்காமல் ஓரத்து வாங்கிலேயே உட்கார்ந்திருந்தான். "என்ன மகன் செய்ற?" என்று கேட்டால், "வாங்குல இரிக்கன் வாப்பா" என்பான். பிள்ளைக்கு அடிபடாமல் இருக்கிறதே என்று உங்கள் றாத்தாவுக்குச் சந்தோஷம். கடைசியில் மூத்த வீரர் ஒருவருக்கு முழங்காலில் அடிபட, இவனுக்கு இடம் கிடைத்தது. நாங்கள் வேன் பிடித்துக்கொண்டு போனோம்.

பிள்ளை எப்படி விளையாடினான் தெரியுமா! எதிரணியின் முன்வரிசைக்காரன், நல்ல தடித்த ஆள், இவனோடு மோதி மோதிக் களைத்து நடுவரிடம் போய் முறையிட்டான். ஆட்டம் முடியப்போகிற நேரம், இவர்கள் ஒரு கோல் முன்னுக்கு. உயரமாக ஒரு பந்து வந்தது. றிஸ்மின் அதன் கீழே போய் நின்றான். தலையால் தட்டினால் சரி. அந்த நேரம் பார்த்து உங்கள் றாத்தா எழும்பி, பெருமை தாங்காமல், "மகனே!" என்று ஒரு சத்தம் போட்டாள். மைதானத்தில் சனமும் குறைவு. சிங்களத்தில் "மகே" என்றால் "என்னுடையது" என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்னால் கோலைக் காக்கிற பந்துக் காப்பாளர் அப்படிக் கத்தினால் முன்னால் நிற்பவன் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். காப்பாளர்தான் கத்தினார் என்று நினைத்து மகன் ஒதுங்கினான். காப்பாளரோ வாயும் திறக்கவில்லை, நின்ற இடத்தை விட்டு அசையவும் இல்லை. பந்து ஒரு துள்ளுத் துள்ளி, யாருக்கும் சிரமம் கொடுக்காமல், தானாகவே கோலுக்குள் போய் இருந்துகொண்டது. கமறியா மெதுவாக உட்கார்ந்தாள். ஊர் வரும்வரை பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அதை யாரோ வீடியோ எடுத்துப் போட, நாடே பார்த்துச் சிரித்தது. ஒப்பந்தம் முடிந்ததும் கழகம் அவனை விட்டுவிட்டது. பிறகு யாழ்ப்பாணத்துக் கழகமொன்று தெரிவுக்குக் கூப்பிட்டது. நானும் கூடப் போனேன். நாள் முழுக்க ஒருத்தனையும் அவன் தாண்ட விடவில்லை. பின்னேரம் அங்கத்தைய முகாமையாளர் போனை நீட்டி, "தம்பி, இதில நிக்கிறது நீர்தானே?" என்று கேட்டார்.

"ஓம் சேர்."

"ஏன் விட்டனீர்?"

பிள்ளை புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கவனிக்கல்ல சேர்" என்றான். கவனமில்லாத பின்களக்காரனை எந்தக் கழகம் எடுக்கும்?

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் காரணத்தை எனக்குச் சொன்னான். "அத அந்தாள்ட்டச் சொல்லியிருக்கலாமே மகன்?" என்றேன்.

"சொன்னா எல்லாரும் உம்மாவ வெச்சிச் சிரிப்பாங்க வாப்பா. உம்மாட்டயும் சொல்லிராதீங்க. அவட மனசு தாங்காது."

புத்தளம் வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது தோட்டத்தில் மூடை தூக்குகிறான். ஒரு முறைப்பாடும் இல்லை. பின்னேரங்களில் கூட்டாளிமார் பந்தடிக்கக் கூப்பிட்டால், "காலுக்கு ஏலா" என்கிறான். காலுக்கு ஒன்றுமில்லை மச்சான். எனக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் இருக்கிறது. களஞ்சியமோ கடையோ, எங்காவது ஓர் இடம் பாருங்கள். பந்து கண்ணில் படாத இடமாக இருந்தால் நல்லது.

வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். உங்கள் உழைப்பில் பரக்கத்தையும் உடம்பில் ஆரோக்கியத்தையும் ரப்பு நிரப்பமாகத் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் இஸ்ஹாக்

பி.கு: வேலை பார்க்க வேண்டாம் மச்சான். கடிதத்தை ஒட்டப்போகும்போது கமறியா வந்து, சனிக்கிழமை எல்லோரும் யாழ்ப்பாணம் போக வேண்டும் என்கிறாள். மகனுடைய போனில் நம்பர் எடுத்து அந்த முகாமையாளரோடு இவளே கதைத்திருக்கிறாள். "பந்த வுட்டது அவன் இல்ல தம்பி, கத்தினது நான்தான்" என்றாளாம். அவர் சிரித்து முடிக்க நேரமெடுத்ததாம். பிறகு இன்னொரு தடவை கூட்டி வரச் சொன்னாராம். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். "பந்து உள்ளுக்குப் போன ஒடன திரும்பி என்னப் பாத்தானே. அந்த மொகத்தப் பாத்தா எனக்கு வெளங்காதா? அவன் மறைக்கிறான் என்டு நானும் தெரியாத மாதிரி இருந்தன். மூட தூக்குறதப் பாத்துக்கிட்டு இனி இரிக்க ஏலா" என்றாள். றிஸ்மினிடம் சொன்னதும் அவன் சிரித்தான், பிறகு கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினான். எடுப்பார்களோ தெரியாது. உம்மா வராவிட்டால் தானும் போகவில்லையாம். அவளும் வருகிறாள், மைதானத்தில் வாய் திறக்காமல் இருக்க இப்போதே பழகத் தொடங்கிவிட்டாள். தேத்தண்ணி கேட்டேன், கையால்தான் பதில் வந்தது.