எட்டு நாற்பது ஆன விவரம்

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி வணங்கி எழுதுவது.

நீயும் அத்தானும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் தம்பி பெண்டாட்டி சுகம், பெண் சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல், தலைவலி என்று எதுவும் கிடையாது. அப்படி ஏதாவது வந்து படுத்துவிட்டால் திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் போகாமல் தப்பிக்கலாமே என்று இரண்டு நாளாக ஈரத்தலையோடு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து பார்க்கிறேன், ஒரு தும்மல்கூட வரமாட்டேன் என்கிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் தையல் கடைக்கு மேலே இருக்கும் அறையை இப்போதைக்கு யாருக்கும் வாடகைக்கு விட்டுவிடாதே. மாதக் கடைசியில் நாங்கள் மூன்று பேரும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும்படி ஆகலாம். சிரிக்காமல் முழுக் கடிதத்தையும் படி.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், இருபத்திரண்டு வருடமாக நீ "சுரங்கத்துல ஏதோ மெஷின் வேலை" என்று சொல்லிச் சமாளித்து வருகிறாய். வேலையே போகப்போகிற இந்த நேரத்திலாவது அது என்னவென்று தெரிந்துகொள். பாறையை வெடிவைத்து உடைக்க வேண்டுமென்றால் முதலில் அதில் ஆழமாகத் துளை போட வேண்டும். துளை போடுகிற வண்டிக்குப் பேர் ரிக். அதிலுள்ள மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆனால் பலம் போதாது. பாறைக்குள் இறங்குகிற இரும்பு ராடு மெதுவாகச் சுற்றினால் போதும், ஆனால் அசுர பலத்தோடு சுற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, வேகத்தை வாங்கிக்கொண்டு பலமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் பிளானட்டரி கியர்பாக்ஸ். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று, அந்த மூன்றையும் வளைத்துப் பிடித்தபடி வெளியே ஒரு பெரிய வளையம். நடுவில் நீ, உன்னைச் சுற்றி அத்தானும் இரண்டு பிள்ளைகளும், எல்லோரையும் வளைத்துப் பிடித்துக்கொண்டு உன் மாமியார் என்று வைத்துக்கொள், புரிந்துவிடும். எந்த ரிக்குக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்று பட்டியலைப் பார்த்துத் தேர்ந்து கொடுப்பவன் நான். சரியாகத் தேர்ந்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஒருவருக்கும் என் ஞாபகமே வராது. தப்பிப்போனால் மட்டும் சுரங்கத்தின் அடிவரைக்கும் என் பேர்தான்.

போன மாதம் நாலாம் நம்பர் ரிக்கின் பழைய பெட்டி, பத்தொன்பது வருடம் உழைத்த களைப்பில் பல் உதிர்ந்து உட்கார்ந்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "புதுசா ஒண்ணு செலக்ட் பண்ணுங்க. இன்னொரு தடவை பெட்டி உடைஞ்சுதுன்னு மட்டும் என் காதுல விழக் கூடாது" என்றார். அந்தக் கடைசி வார்த்தை அன்றைக்கே ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. பெட்டி தேர்வதற்கு முதலில் தெரிய வேண்டியது, ராடைத் திருப்ப எவ்வளவு முறுக்கு விசை வேண்டும் என்பது. அதை அளக்கலாம். அளப்பதென்றால், இது உடைந்து கிடப்பதால், இதே மாதிரி ஓடும் இன்னொரு ரிக்கை ஒரு நாள் நிறுத்த வேண்டும். ரிக்கை நிறுத்துங்கள் என்று மேனேஜரிடம் சொல்லும் தைரியம் எங்கள் ஆபீஸில் பிறந்தவன் எவனுக்கும் இல்லை. ஆகவே நாங்கள் அளப்பதில்லை, கேட்டுக்கொள்வோம். இதுதான் எங்கள் வழக்கம்.

இப்போது நான் சொல்லப்போவதெல்லாம் போன வெள்ளிக்கிழமை விசாரணையில் வெளியே வந்தது. அதற்கு முன்னால் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. அலகுகளைச் சொன்னால் உனக்குக் கொட்டாவி வரும், வெறும் எண்ணாகவே சொல்கிறேன். தேவைப்பட்டது எட்டு. ரிக் ஓட்டுகிற ஆபரேட்டரிடம் ஃபோர்மேன் கேட்டபோது அவர் பத்து என்றார். ஏன் என்றால், "ஆபீஸ்காரங்க எப்பவும் கேட்டதைவிடக் குறைச்சுத்தானே குடுப்பீங்க, அதான் சேர்த்துச் சொன்னேன்" என்கிறார். ஃபோர்மேன் பெரிய அனுபவஸ்தர். வருகிற வருடம் பாறை இன்னும் கெட்டியாகும் என்று அவருக்கு மட்டும் ஏதோ ரகசியத் தகவல் கிடைத்ததுபோல, சீட்டில் பன்னிரண்டரை என்று எழுதிவிட்டார். சீட்டு வரைபடப் பிரிவு அம்மாவிடம் போனது. அந்த அம்மா ஃபோர்மேன் எழுதும் எதையும் நம்புகிறவர் இல்லை. "இவர் எண்ணெய்க் கறை படாம ஒரு நம்பர் எழுதி நான் பார்த்ததில்லை, பாதி அழிஞ்சிருக்கும்" என்று அதை ஒன்றரை மடங்காக்கிப் பத்தொன்பது என்று வைத்தார். அப்புறம் அது என்னிடம் வந்தது. நான் கூட்டவில்லை அக்கா, சத்தியமாக நான் ஒன்றையும் கூட்டவில்லை, பெருக்கினேன். அதிர்ச்சியோடு ஓடும் இயந்திரத்துக்கு ஒன்றே முக்கால் மடங்கு வைத்துக்கொள் என்று கையேட்டில் அட்டவணையே இருக்கிறது. அதற்குச் சர்வீஸ் ஃபேக்டர் என்று கௌரவமான பேரும் இருக்கிறது. அப்படி முப்பத்துமூன்று ஆயிற்று. பெட்டி செய்கிற கம்பெனியின் விற்பனையாளர் வந்து பார்த்துவிட்டு, "முப்பத்துமூணுல பெட்டி வராது சார். அடுத்த சைஸ் நாற்பது. நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். அன்றிலிருந்து நான் தூங்கவில்லை.

நீ பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாய். பிள்ளை வளரும் என்று மடிப்பில் இரண்டு அங்குலம் விடுவாய். சரி. அம்மாக்காரி ஏற்கெனவே இரண்டு கூட்டிச் சொல்லி, அளவெடுத்தவள் இரண்டு, வெட்டியவள் இரண்டு, பொத்தான் வைப்பவள்கூடத் தன் பங்குக்கு இரண்டு என்று விட்டால் என்ன ஆகும்? பிள்ளையைச் சட்டைக்குள் தேட வேண்டியதுதான். எங்களுக்கு அதுதான் நடந்தது.

பெட்டி வந்து இறங்கிய அன்று வாசல் காவலாளி, "தண்ணித் தொட்டி எங்க சார் இறக்கணும்?" என்று கேட்டார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கிரேன் வைத்துத் தூக்கினார்கள், ரிக்கில் உட்காரவில்லை. ஃபோர்மேன் தாங்கியை வெட்டி அகலப்படுத்தி உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் ரிக்கின் நெட்டைக் கம்பம் முன்பக்கமாகக் குனிந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னது. அதை நிமிர்த்தப் பின்னால் எடை கட்டினார்கள். எடை கட்டியதும் வண்டி மண்ணில் புதைந்தது. சக்கரங்களைச் சுற்றி அகலமான பட்டை போட்டு மேலே கொண்டுவந்தார்கள். இப்போது பழைய மோட்டார் திணறியது, பாவம், அவ்வளவு பெரிய பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயைக் கலக்கவே அதற்குத் தெம்பு இல்லை. ஆகவே பெரிய மோட்டார் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஃபோர்மேன் என் மேசைக்கு வந்து, "எல்லாம் சரியாயிடுச்சு சார், ஒரே ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிப்பார். அந்தச் சின்ன விஷயம் என்ற சொல்லைக் கேட்டாலே நான் இப்போது மேசைக்கு அடியில் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன்.

ஒருவழியாக ஓட்டினோம். துளை போடும்போது ராடு பாறையிடுக்கில் சிக்கிக்கொள்வது சகஜம். அப்படிச் சிக்கினால் பழைய மோட்டார் ஒரு முனகலோடு நின்றுவிடும், பின்னால் இழுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். புதியது நிற்கவில்லை. ராடு ஈரத்துணியைப் பிழிந்ததுபோல முறுக்கிக்கொண்டது. முதல் நாளே மூன்று ராடு. ஆபரேட்டர் போன் செய்து, "சார், நல்ல சேதி. பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை" என்றார். தடிமனான ராடு வாங்கினோம். போன புதன்கிழமை அந்தத் தடிமனான ராடு சிக்கியது. ராடும் உடையவில்லை, பெட்டியும் உடையவில்லை, மோட்டாரும் நிற்கவில்லை. பாறை அசையவில்லை. பாக்கி இருந்தது வண்டிதான். அது ராடைப் பிடித்துக்கொண்டு, ஆபரேட்டரைக் கேபினுக்குள் வைத்தபடியே, மெதுவாக, ஏதோ யோசனையில் இருப்பதுபோலக் கால்வட்டம் திரும்பி நின்றது. திரும்பிய திசையில் மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் அவசரமாக அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருஷமா நாமதான் சார் பாறைக்குள்ள சுத்திக்கிட்டிருந்தோம். இன்னைக்குப் பாறை நம்மளைச் சுத்திவிட்டிருச்சு."

யாருக்கும் அடிபடவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். வெள்ளிக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து மேனேஜர் விசாரித்தார். ஆபரேட்டர்தான் முதலில் ஒத்துக்கொண்டார். "பழைய பெட்டித் தகட்டுல எட்டுன்னுதான் சார் போட்டிருந்துச்சு. அதை வச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினோம். பத்துன்னு சொன்னது நான்தான்" என்றார். ஃபோர்மேன் கூரையைப் பார்த்தார். வரைபட அம்மா ஃபோர்மேனைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "இவங்க எல்லாரும் ஏத்திக் குடுத்தாங்க, சரி. ஏத்தினதா இல்லையான்னு பார்க்கத்தானே நீங்க இருக்கீங்க?" என்று கேட்டார். அட்டவணையில் இருக்கிறது சார் என்றேன். அந்தப் பதில் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், அதை வைத்து என்னை இங்கேயே வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்களாம்.

பதினொரு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன் அக்கா. வெட்கமாக இருக்கிறது. இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் தேர்ந்து கொடுத்த பெட்டிகள் அறுபதுக்கு மேல் ஓடுகின்றன. அவற்றின் சத்தத்தைத் தூரத்திலிருந்தே கேட்டு இது நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது, இதற்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவேன். என்னால் செய்ய முடிந்த வேலை இது ஒன்றுதான். நாற்பத்தொன்பது வயதில் வேறெதுவும் எனக்குத் தெரியாது. வீட்டில் சொன்னால் ஆறுதல் கிடைக்குமென்று உன் தம்பி பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுவர்க் கடிகாரம் மாட்ட ஒரு ஆணி அடிங்கன்னு கேட்டேன். நாலு போல்ட் போட்டுச் சுவரையே பேர்த்தீங்க. ஆபீஸ்லயும் அதைத்தானே பண்ணியிருப்பீங்க?" என்றாள். கடிகாரம் இன்னும் நாற்காலிமேல்தான் இருக்கிறது. சுவரைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே உன் கடையில் எனக்கு ஏதாவது வேலை கொடு. பொத்தான் வைப்பேன், துணி மடிப்பேன், அளவு மட்டும் எடுக்கச் சொல்லாதே.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். உன் மாமியாரை வளையம் என்று எழுதியதை அவரிடம் படித்துக்காட்ட வேண்டாம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, கூட்டல் கழித்தலில் மட்டும் ஒருவர் பேச்சையும் கேட்காமல் வளர இந்த மாமாவின் ஆசிகள்.

உன் அன்பை மட்டுமே நம்பியிருக்கும்,
தம்பி

பின்குறிப்பு: திங்கட்கிழமை மாலை, ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். வேலை போகவில்லை. மேனேஜர் என் விளக்கத்தைப் படிக்கக்கூட இல்லை. "உடையவே கூடாதுன்னு உங்களையெல்லாம் பயமுறுத்தினது நான்தான். எட்டுக்கு ஒரு பெட்டி பார்த்துக் குடுங்க, ஒருத்தரும் ஒரு புள்ளிகூடச் சேர்க்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாடி அறையைத் தாராளமாக வாடகைக்கு விட்டுக்கொள். இடத்துக்கு வந்து உட்கார்ந்தால், ஸ்டோர்காரர் எங்கிருந்தோ நாலாம் நம்பர் ரிக்கின் பத்தொன்பது வருடத்து ஃபைலைத் தேடிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார். அந்தப் பழைய பெட்டியைத் தேர்ந்தது யார் என்று அதில் இருக்கிறது. நான்தான். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. "தேவை ஐந்து. எதற்கும் எட்டாக இருக்கட்டும்" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஐந்துக்குப் பக்கத்தில், "ஆபரேட்டர் வாய்மொழி" என்று வேறு இருக்கிறது. ஆகவே மேலே நான் யார் யாரைப் பற்றி என்னென்ன எழுதியிருக்கிறேனோ அதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. அந்த ராடைத் திருப்ப உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது அக்கா. ஃபைலை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனேன், காட்டினேன், ரிக்கை நிறுத்தி அளக்க வேண்டும் சார் என்று வாயைத் திறந்து கேட்டும்விட்டேன். அவர் ஃபைலை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாள் வேணும்?" என்றார். ஒரு நாள் வேலைதான். மூன்று நாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.