ஒரு நூல் இடது

மாட்டிய உடனேயே பின்சக்கரம் இடது பக்கம் ஒதுங்கி நின்றது. ஒரு நூல் அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. முனியராஜ் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மறு கண்ணை மூடிப் பார்த்தான். இரண்டு கண்ணுக்கும் ஒதுங்கித்தான் தெரிந்தது.

ஒரு நூல் பெரிய விஷயமில்லை. ஆனால் இந்த சைக்கிள் நேராக ஓடினால்தான் அவன் மருந்து ரூமை விட்டு வெளியே வர முடியும்.

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அவன் மருந்து கலக்கிற ஆள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த வேலை அது. போன சீசனில் பக்கத்து ரூம் இருந்த இடத்தில் இப்போது தரை மட்டும் இருக்கிறது. முன்பு லேத் பட்டறையில் பித்தளை பற்றவைத்த கை என்று யாரோ சொல்லப்போக, சின்ன முதலாளி சரவணக்குமார் கூப்பிட்டுவிட்டார்.

"இத்தாலியில இருந்து சக்கரம் வந்துருச்சுண்ணே. இரும்புக் குழாய்ல ஃபிரேம் மட்டும் செஞ்சு குடுங்க. ஞாயித்துக்கிழமை வெம்பக்கோட்டை டேம் வரைக்கும் ஓட்டிப் பாப்பேன். நேரா ஓடுச்சுன்னா நீங்க பிரிண்டிங் செக்‌ஷன்."

"ஓடலைன்னா?"

"மருந்து கலக்கவும் ஆளு வேணும்லண்ணே."

ஃபிரேமின் பின்முனையில், சக்கரத்து அச்சு உட்காருகிற தகட்டைக் காது என்பான் முனியராஜ். பக்கத்துக்கு ஒன்று. காதின் வாய் படுக்கையாக நீண்டிருந்தால் அச்சை முன்னே பின்னே தள்ளிச் சின்னக் கோணலைச் சமாளிக்கலாம். வாய் கீழ்நோக்கி இருந்தால் அச்சு உட்கார்ந்த இடம்தான் இடம். அவன் படுக்கைவாய்க் காதுதான் கேட்டான்.

"அது பால்காரர் சைக்கிள்ல இருக்கிறதுண்ணே," என்று சின்ன முதலாளி கீழ்வாய்க் காதைக் காட்டினார்.

இப்போது சமாளிக்க வழியில்லை. வெடிக்குச் சுற்றுகிற சணலை எடுத்து ஃபிரேமின் முன்கழுத்தில் கட்டி, இரண்டு காதையும் சுற்றி இழுத்தான். நடுக்குழாய்க்கும் சணலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது.

"சணல் சரின்னுதான சொல்லுது?" என்றாள் மனைவி வீரலட்சுமி.

"சக்கரம் தப்புங்குதே."

"அப்ப சக்கரத்தைப் பாருங்க."

"அது இத்தாலி."

"நீங்க நாரணாபுரம். அதனால நீங்கதான் தப்பா?"

அவன் இடது காதின் வாயை அரத்தால் ராவினான். சக்கரம் நடுவுக்கு வரவில்லை; சாய்ந்து நின்றது. சாய்வை எடுக்க வலது காதையும் ராவினான். இப்போது அச்சு லொடலொடவென்று ஆடியது.

காதுகளைக் கழற்றிவிட்டுப் புதிது வைக்கலாம் என்று கேஸைத் திறந்து பழுக்கக் காய்ச்சினான். பித்தளை உருகி ஓட, இடது காது கழன்று அவன் செருப்பில் விழுந்தது. செருப்பு புகைந்தது.

"கம்பெனியில பொறி பறந்தா வேலியத் தாண்டி ஓடுறீக. வீட்டுல நெருப்பு மேல நிக்கிறீக," என்று வீரலட்சுமி தண்ணீரை ஊற்றினாள். ஊற்றியது செருப்பின் மேல் மட்டுமல்ல. சூடான குழாயின் மேலும். குழாய் சத்தமில்லாமல் விரிசல் விட்டது.

விரிசலோடு குழாயை வெட்டி, நுனியில் வேறு துண்டு சேர்த்து, பித்தளை பிடிக்க வெங்காரம் தடவி, புதுக் காதுகளை வைத்துப் பற்றவைத்தான். பித்தளை வழுவழுவென்று ஓடி உட்கார்ந்தது. சணல் சரி என்றது. சக்கரத்தை மாட்டினான்.

ஒரு நூல் இடது.

"என் கைதான் கோணல்," என்றான்.

"கை கோணல்னா பிரிண்டிங் செக்‌ஷன்லயும் லேபிள் கோணலாத்தான் வரும்," என்றாள் அவள். ஆனால் குரலில் கேலி இல்லை. அவன் குளித்த தண்ணீர் அலுமினிய நிறத்தில் ஓடுவதைத் தினமும் பார்க்கிறவள் அவள்.

மறுநாள் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இரண்டு காதையும் மறுபடி எடுத்து, வேண்டுமென்றே ஒரு நூல் வலது பக்கம் தள்ளிப் பற்றவைத்தான். இப்போது சணல் தப்பு என்றது. சக்கரம் நட்டநடுவில் நின்றது. சணலைச் சுருட்டி அடுப்பில் போட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி வீட்டு டிரைவர் செல்லச்சாமி வந்தார். சக்கரத்தைக் கழற்றி, ஃபிரேமோடு காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியராஜ் துவைத்த சட்டை போட்டு முதலாளி வீட்டு வாசலில் நின்றான். வீரலட்சுமி அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தாள். பிரிண்டிங் செக்‌ஷன் ஆட்கள் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார்களாம்.

சரவணக்குமார் சைக்கிளில் ஏறி மிதித்துப் போனார். குழாயில் டயர் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முனியராஜ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பின்சக்கரம் ஒரு நூல் வலது பக்கம் ஒதுங்கி ஓடியது.

பக்கத்தில் வந்து நின்ற செல்லச்சாமி அவன் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கிட்டக் கொடுக்கிறதுக்கு முந்தி அந்தச் சக்கரத்தைக் கழட்டி கிரீஸ் வச்சேன்ப்பா, அச்சுல ரெண்டு பக்கத்து வாசரையும் வலது பக்கமே மாட்டிட்டேன். காலையிலதான் ஞாபகம் வந்து பக்கத்துக்கு ஒண்ணாப் போட்டேன், உன் பொழப்பு கெட்டுறக் கூடாதுல்ல?"