யானையை வேலைக்குக் கூப்பிட்ட ஸ்பீக்கர்

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு ரகம் உண்டு. பயத்தை ஒப்புக்கொண்டு வீட்டோடு கிடப்பவர்கள் ஒரு ரகம். அதை மறைக்கப் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்குபவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. (வெட்கப்பட மிச்சம் எதுவும் இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.)

தேனியில் எங்களுக்குப் பெயிண்ட் கடை. கடைக்குள் எலி வந்தால் வேலையாட்கள் விளக்குமாற்றைத் தேடுவார்கள், நான் ஸ்டூலைத் தேடுவேன். இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், எதிரே வரும் லாரிக்குப் பயம், தனியாக லிஃப்டில் ஏறப் பயம். இப்பேர்ப்பட்ட நான்தான், குமுளிப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவரிடம் பழைய டூரிங் பைக் ஒன்றை வாங்கினேன். முன்னால் காற்றைத் தடுக்க அகலமான முகப்பு, முகப்பில் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு பக்கமும் சாமான் பெட்டி. பார்த்தவர்கள் எல்லாரும் "இமயமலைக்குப் போவீகளா?" என்று கேட்டார்கள். "போகணும்" என்பேன். அதுவரை நான் போன அதிகபட்ச தூரம் ஆண்டிபட்டி. அங்கேயும் கணவாய்க்கு இந்தப் பக்கமே திரும்பிவிடுவேன்.

பாட்டு இல்லாமல் என்னால் வண்டி ஓட்ட முடியாது. சத்தமில்லாத ரோட்டில் தனியாகப் போனால் மூளை வேண்டாததை எல்லாம் கேட்க ஆரம்பிக்கும். பிரேக் பிடிக்குமா? பின் டயர் ஆடுகிறதா? அந்தப் புதருக்குள் என்ன? பாட்டு ஓடினால் இந்தக் கேள்விகள் அடங்கும். ஆனால் வண்டியோடு வந்த ஸ்பீக்கருக்கு வயதாகிவிட்டது. வண்டி வேகம் நாற்பதைத் தாண்டினால் டீயில் விழுந்த ஈ மாதிரி முனகும்.

இந்த நிலைமையில் எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி பெயர் சுகந்தி, சின்னமனூர்க்காரி. "மாப்பிள்ளை இம்புட்டுப் பெரிய வண்டி ஓட்டுறாகளே, தைரியமான ஆளாத்தான் இருக்கணும்னு நெனச்சுத்தான் சரின்னேன்" என்று கல்யாணமான மூன்றாம் நாள் சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் புதிய பயம். மற்ற பயங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்ட பயம் அது. இவளுக்கு உண்மை தெரிந்துவிட்டால்?

இரண்டாவது மாதம் விருந்துக்கு அழைப்பு வந்தது. சுகந்தியின் சித்தப்பா மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர்.

"சித்தப்பா நம்மள பைக்குலதான் வரணும்னு சொல்லிட்டாக" என்றாள் சுகந்தி. "அங்கன எல்லாருக்கும் வண்டியக் காட்டணுமாம்."

மேகமலை என்றால் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. நடுவில் காடு. காட்டில் காட்டுமாடு, சிறுத்தை, யானை. "அதுக்கென்ன, போவோம்" என்று சொல்லிவிட்டு மறுநாளே கம்பத்துக்கு ஓடினேன், ஸ்பீக்கர் மாற்ற. (பிரேக்கைச் சரிபார்க்க ஓடியிருக்க வேண்டும். புத்தி அப்படிப் போகவில்லை.)

கம்பத்தில் அந்தோணி என்று ஒரு அண்ணன். எஸ்டேட் ஜீப்புகளுக்குப் பாட்டு செட் மாட்டுவதில் பெயர் பெற்றவர். எங்கள் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே தெருத்தெருவாக ஜீப் வந்து நின்று, ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை தாண்டி கேரளாவுக்குப் போகும். வந்திருப்பது யாருடைய ஜீப் என்று வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் செட்டு. டூரிங் பைக்குக்கு என்றே ஸ்பீக்கர் மாட்டுகிறவர் கோயம்புத்தூரில் இருந்தார். கோயம்புத்தூர் போக எனக்குப் பயம்.

அந்தோணி அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஜீப்புக்குப் பண்றாப்புல பண்ணிரவா தம்பி?"

"பண்ணிருங்கண்ணே. காடே அதிரணும்."

முகப்பில் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, பின்பெட்டிகளில் இரண்டு, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர். போனிலிருந்தும் பாட்டு ஓடும், பென் டிரைவிலிருந்தும் ஓடும். போனிலிருந்து பென் டிரைவுக்கு மாற, பாட்டை மாற்ற, நிறுத்த, கூட்டக் குறைக்க எல்லாம் இடது கைப்பிடியில் பட்டன். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக, "பேட்டரியிலருந்து டைரக்டா குடுத்திருக்கேன் தம்பி. சாவிய எடுத்தாலும் பாட்டு நிக்காது. பொம்பளையாளுக வந்து ஏறுற வரைக்கும் இஞ்சின் ஆஃப்ல கிடக்கும், செட்டு மட்டும் பாடணும்ல? மெயின் சுச்சு சீட்டுக்குக் கீழ இருக்கு" என்றார்.

நான் தலையாட்டினேன். காது கேட்டது, மண்டையில் ஏறவில்லை. சோதித்துப் பார்க்க அவர் சொருகிய பென் டிரைவ் முகப்பிலேயே இருந்ததையும் இருவருமே கவனிக்கவில்லை.

விருந்துக்குப் போகும் நாளில் அடிவாரச் சோதனைச்சாவடியில் காவலர் நிறுத்தினார். ஸ்பீக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மேல பாட்டுக்கீட்டுப் போடாம போங்க. ஒத்த யானை ஒண்ணு ரெண்டு நாளா ரோட்டுப் பக்கமே சுத்துது" என்றார்.

இதைக் கேட்டதும் எந்த மனிதனும் பாட்டைப் போடமாட்டான். எனக்கோ, இதைக் கேட்டபிறகு பாட்டுப் போடாமல் இருக்க முடியவில்லை. நாலு வளைவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். மூங்கில் உரசினால் யானை, காற்று அடித்தால் யானை. ஐந்தாவது வளைவில் பாட்டைப் போட்டேன்.

"வேணாம்னு சொன்னாகளே" என்றாள் சுகந்தி பின்னாலிருந்து.

"மெதுவாத்தான் வச்சிருக்கேன்."

ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புள்ளி கூட்டினேன். பதினோராவது வளைவு திரும்பும்போது காடு நிஜமாகவே அதிர்ந்துகொண்டிருந்தது. திரும்பியதும் பார்த்தால், முப்பது அடி தூரத்தில், ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு அது நின்றது.

வண்டியை நிறுத்தினேன். யானை காதை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆட்டிக்கொண்டிருக்கும் வரை பயமில்லை என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்களைப் பார்த்ததும் ஆட்டுவதை நிறுத்தியது.

சாவியைத் திருப்பினேன். இஞ்சின் நின்றது. பாட்டு நிற்கவில்லை.

சாவியை உருவியே எடுத்துவிட்டேன். அப்போதும் பாட்டு ஓடியது. பாட்டை நிறுத்தும் பட்டனைத் தடவினேன். அவசரத்தில் பக்கத்துப் பட்டன் அமுங்கிவிட்டது. பாட்டு நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பென் டிரைவ் பேச ஆரம்பித்தது. ஏதோ ஒரு ஜீப் டிரைவர், தெருவே எழுந்திருக்கும்படி பதிவு செய்து வைத்திருந்த குரல்.

"வாங்க வாங்க வாங்க! வண்டி வந்துருச்சு ஆத்தா! தூக்குவாளிய எடுத்துக்கிட்டு வெரசா வாங்க! பயப்படாம வாங்க, இடம் இருக்கு! பெரியவுக முன்னால ஏறுங்க!"

யானை ஓரடி முன்னால் வைத்தது.

அந்தோணி அண்ணன் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. "சீட்டுக்குக் கீழ சுச்சு!" என்று கத்தினேன். சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். சீட்டைத் தூக்கினேன், வரவில்லை. அதன் மேல் சுகந்தி இருந்தாள்.

"நான் எந்திரிச்சாத்தானங்க சீட்டு வரும்?" என்று அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

"என்ன ஆத்தா நிக்கிறீக? உங்களுக்குத்தான் வெயிட்டிங்கு! வாங்க வாங்க வாங்க!" என்றது வண்டி.

யானை தும்பிக்கையைத் தூக்கியது. இரண்டாவது அடி வைத்தது. மூன்றாவது அடி வைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் அங்கே இல்லை.

ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போவதற்கு ஒரு குழாய்ப்பாலம் இருந்தது. எப்படி வளைவைத் தாண்டினேன், எப்படிச் சரிவில் இறங்கினேன், தொண்ணூறு கிலோ உடம்பு எப்படி அந்தக் குழாய்க்குள் போனது என்பதெல்லாம் இன்றுவரை புரியவில்லை. உள்ளே முழங்கால் சேறு. முழங்கைக்கு ஒன்றாக அட்டை ஏறியது. சாதாரணமாக அட்டையைப் பார்த்தால் ஊரைக் கூட்டுகிறவன், அன்றைக்கு "இருந்துட்டுப் போ" என்று விட்டுவிட்டேன். மேலே குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவுக முன்னால ஏறுங்க.

திடீரென்று அந்தக் குரல் நின்றது.

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை. அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது: நான் தனியாக ஓடி வந்திருக்கிறேன். பெண்டாட்டியை யானைக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். அவளைத் தட்டிவிட்டதா? வண்டி நொறுங்கிய சத்தம் கேட்டதா? ஒன்றுமே தெரியவில்லை. வெளியே போக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கால் அசையவில்லை. வாய்விட்டு அழுதேன். அந்த அழுகையையும், யானைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டுதான் அழுதேன்.

எவ்வளவு நேரமோ. பிறகு குழாய் வாயில் ஒரு தலை தெரிந்தது.

"போயிருச்சு. வெளிய வாங்க" என்றாள் சுகந்தி.

நடந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சீட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். ஒரே ஒயராக இருந்திருக்கிறது. மூடிவிட்டு முன்னால் போய், மினுக்கிக்கொண்டிருந்த பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறாள். சத்தம் நின்றதும் வண்டிக்குப் பின்னால் ஆடாமல் அசையாமல் நின்றிருக்கிறாள். யானை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு மூங்கிலை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டது.

"நான்... ஆள் கூப்பிடத்தான் ஓடினேன்" என்றேன்.

"ஆமா" என்றாள் அவள். "குழாய்க்குள்ள யாரு இருந்தா?"

என் முழங்கைகளிலிருந்த அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

யானையாவது முப்பது அடி தூரத்தில் நின்றது. சித்தப்பா வீட்டுப் பந்தியில் சுகந்தி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எந்த நிமிடம் சொல்லப் போகிறாளோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "பேண்டெல்லாம் என்ன மாப்பிள்ளை சேறு?" என்று சித்தப்பா கேட்டார். "வளைவுல வண்டி வழுக்கிருச்சு சித்தப்பா" என்று அவளே சொன்னாள். "இம்புட்டு வெயிட்டு வண்டியச் சாயாமப் பிடிச்சீகளே!" என்று அவர் என் தோளைத் தட்டினார். சுற்றியிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் மரியாதையோடு பார்த்தார்கள். எனக்குக் கோழிக்கறி இறங்கவில்லை. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். குழம்புச் சோறு முடிந்தது. சுகந்தி நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"ஆமா, நான் ஓடினது வாஸ்தவந்தான்!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சித்தி, ரசம்" என்றாள் சுகந்தி, ஆரம்பித்ததை முடிக்க வேண்டுமே என்று.

பிறகென்ன, முழுக் கதையையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. சித்தப்பாவுக்குப் புரையேறி, முதுகில் தட்டத் தனியாக ஒரு ஆள் வேண்டியிருந்தது.

சாயங்காலத்துக்கு முன்பே இறங்கினோம். பாட்டு இல்லை. பதினோராவது வளைவு நெருங்கும்போது, பின்னாலிருந்து சுகந்தி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் புருஷன் என்றுதானே பிடிக்கிறாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? நீங்க ஓடிரக் கூடாதுல்ல" என்றாள்.

அந்தப் பிடியை அவள் அப்புறம் விடவே இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டேன், பைக்கையும் விற்றாயிற்று. பிடி மட்டும் அப்படியே இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் வேட்டு வெடித்தால் பிடிப்பாள். தெருநாய் குரைத்தால் பிடிப்பாள். பிரசவத்துக்கு உள்ளே கொண்டுபோகும்போது, அந்த வலியிலும் நர்சைக் கூப்பிட்டு, "இவுக சட்டைய யாராச்சும் பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நர்சு சிரித்தார். என் மாமியார் சிரிக்காமல் வந்து பிடித்துக்கொண்டார்.

இப்போது மகளுக்கு ஆறு வயது. போன வாரம் பள்ளிக்கூட வாசலில் ரோட்டைக் கடக்க நின்றோம். "அப்பா கையப் பிடிச்சுக்கம்மா" என்றேன். அவள் என் கையைத் தொடவில்லை. பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ம், இப்ப லாரி வரட்டும்" என்றாள்.