பெயர் வைக்காத கோளாறு

ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்பதில் நாகரிகமடைந்த மனிதர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. எங்கள் அலுவலகத்திலும் இருக்கவில்லை. அது எந்தப் பெயர் என்பதில்தான் இருந்தது.

எங்களுடையது சின்ன அலுவலகம். பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டரைப் பார்க்க நாள் குறிக்கும் இணையதளம் ஒன்றை நடத்துகிறோம். என் வேலை அதைவிடச் சின்னது. சுவரில் கதவளவு மாட்டியிருக்கும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தளத்தில் யாராவது ஒரு பொத்தானை அழுத்தினால், அது எந்தப் பக்கத்துக்குப் போனது, எத்தனை நொடி எடுத்தது, பதில் எந்த எண்ணோடு திரும்பியது என்று ஒரு குறிப்பு வந்து சேரும். இருநூறு என்று வந்தால் நல்லபடியாக முடிந்தது. ஐந்நூறு என்று வந்தால் தளம் குப்புற விழுந்துவிட்டது. ஐந்நூறு வராதவரை திரை பச்சை. ஐந்நூறுகள் கூடினால் சிவப்பு. சிவப்பானதும் நான் கத்த வேண்டும். கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தளத்தைக் கட்டியவர்கள் இரண்டு குழு. அந்தப் பதில் எண்ணைக் கீழ்த்தளத்தில் நாங்கள் 'முடிவு' என்று எழுதுவோம். மாடியில் இருப்பவர்கள் 'நிலை எண்' என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டி வைத்திருந்தேன். ஆறு வருஷம் அந்தச் சீட்டு வேலை செய்தது.

இந்த நிலையில் எங்கள் இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கொள்கை ஆகியவற்றோடு வந்தார்.

"உலகம் பூரா இப்ப இதைத்தான் பேசறாங்க. எல்லாத்துக்கும் ஒரே பேரு. நாம மட்டும் இன்னும் துண்டுச் சீட்டுல குடும்பம் நடத்திட்டிருக்கோம்" என்றார்.

"அந்த உலகப் பேருங்க பட்டியலா இருக்கே சார். அப்படியே எடுத்துப் போட்டா பத்து நிமிஷ வேலை" என்றேன்.

"எடுத்துக்கலாம். ஆனா நம்ம ஆபீஸ்னு ஒரு மரியாதை வேணாமா?"

அந்த மரியாதையைக் காப்பாற்றும் பொருட்டு பெயர் ஒழுங்குக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் இயக்குநர். செயலாளர் மாடிக் குழுவின் மூத்த பொறியாளர் அம்மாள். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் அகராதி. காலையில் வணக்கம் சொன்னால்கூட, அது சரியான சொல்தானா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் வணக்கம் சொல்வார். உறுப்பினர் நான்.

பக்கத்தின் முகவரிக்குப் பெயர் வைக்க நான்கு கூட்டம் ஆனது. நொடிக் கணக்குக்கு மூன்று. பதில் எண்ணில்தான் வண்டி நின்றது. 'நிலை எண்' என்றார் அகராதி. 'முடிவு' என்றேன் நான். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அந்தச் சொல்மேல் ஒரு பாசமும் கிடையாது. ஆனால் மாடியில் வைத்த பெயரைக் கீழே இருப்பவன் சொல்வதா என்று ஒரு ரோஷம் வந்துவிட்டது. இருபது நிமிஷம் பேசினேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதே இல்லை. அந்தப் பெயர் அடுத்த காலாண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

இதற்கிடையில் சுற்றறிக்கை வந்தது. 'முதல் தேதி தொட்டுப் பழைய பெயர்கள் செல்லா. ஒப்புதல் பெற்ற பெயரில் வரும் விவரங்கள் மட்டுமே திரையில் கணக்கிடப்படும்.'

முதல் தேதி காலை பத்து மணிக்குத் திரை பச்சையானது. பதினோரு மணிக்கும் பச்சை. மறுநாளும் பச்சை. ஐந்நூறு என்று ஒன்றுகூட வரவில்லை. எப்படி வரும்? ஐந்நூறு எந்தப் பெயரில் வர வேண்டும் என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவே இல்லையே.

இயக்குநர் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். "பார்த்தீங்களா? பேரை ஒழுங்கு பண்ணினதும் தளமும் ஒழுங்காயிடுச்சு" என்றார். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதன் நகல் எனக்கும் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நாலாம் நாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

என் அத்தான் பஸ் ஓட்டுகிறவர். ஒரு கண்ணில் புரை. மாதக் கடைசிக்குள் ஆபரேஷன் செய்து டாக்டர் சீட்டோடு வந்தால்தான் இனி ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர், வீட்டில் உட்கார்ந்தால் செத்துப்போவார். வருமானமும் அது ஒன்றுதான்.

"டேய், அத்தானுக்கு உங்க சைட்டுல நாள் போடறேன், எல்லாம் ஒழுங்கா போகுது. கடைசி பட்டனை அமுக்கினா மட்டும் வெள்ளையா ஒரு பக்கம் வந்து நிக்குது" என்றாள் அக்கா.

நிமிர்ந்து பார்த்தேன். பச்சை. "இங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு."

"அப்ப என் விரல்லதான் கோளாறா?"

"இன்னொரு தடவை அமுக்கிப் பாரு அக்கா."

அக்கா சொன்ன பேச்சைக் கேட்கிறவள். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது தடவை அமுக்கினாள். அவளைப் போல் எத்தனை பேர் அமுக்கினார்களோ, மறுநாள் கூட்டத்தில் இயக்குநர் ஒரு புள்ளிவிவரம் வாசித்தார். கடைசிப் பொத்தானை அழுத்துவோர் எண்ணிக்கை நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறது. மக்கள் நம் தளத்தை விட்டு நகர மறுக்கிறார்கள். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். தட்டி முடித்தபிறகுதான் எனக்கு அக்காவின் விரல் ஞாபகம் வந்தது.

கூட்டம் கலைந்ததும் இயக்குநர் பின்னாலேயே போனேன்.

"சார், பேரை மாத்தினதுலேர்ந்து கடைசி பட்டன்ல சைட் விழுது."

"திரையில காட்டுங்க."

"திரையில தெரியாது சார். அதுக்கு நாம இன்னும் பேர் வைக்கல."

"பேரே இல்லாத ஒண்ணை நான் எப்படி மேல எழுதறது? நீங்களே சொல்லுங்க."

கோளாறு அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். முதல் கட்டமே 'ஒப்புதல் பெற்ற பெயர்' என்று இருந்தது. அதைக் காலியாக விட்டால் படிவம் அடுத்த கட்டத்துக்கு நகராது.

அன்று எனக்குப் புத்தி வந்தது. இந்தச் சிக்கல் முழுக்க என் ரோஷத்தால் வந்தது. அத்தானின் கண்ணை விடவா 'முடிவு' பெரிது? அவசரக் கூட்டம் கேட்டு வாங்கினேன். எழுந்து நின்று, "நான் விட்டுக்கொடுக்கிறேன். 'நிலை எண்' என்றே இருக்கட்டும்" என்றேன்.

அகராதியின் முகம் வாடிவிட்டது. "நானும் அதுக்குத்தான் வந்தேன். அன்னிக்கு நீங்க அவ்வளவு உருகிப் பேசினீங்க. அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. 'முடிவு'ன்னே வெச்சுக்கலாம்" என்றார்.

"வேணாம்மா. உங்க பேருதான் பொருத்தம்."

"இல்லைங்க, உங்களுதுதான். நான் யோசிச்சுத்தான் சொல்றேன்."

"எதா இருந்தாலும் சரி, ஒண்ணை எழுதுங்கம்மா. எங்க அத்தானுக்குக் கண் ஆபரேஷன்."

"ஐயோ, அப்படின்னா கண்டிப்பா உங்க பேருதான்."

இருவர் கண்ணிலும் தண்ணீர். இயக்குநர் நெகிழ்ந்துபோனார். நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதப்பட்டது: 'உறுப்பினர் நிலை எண் என்றும், செயலாளர் முடிவு என்றும் வலியுறுத்தினர். கருத்து வேறுபாடு நீடிப்பதால் பொருள் அடுத்த காலாண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.'

அத்தானிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் அக்காவின் போனை எடுக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவளே செய்தி அனுப்பினாள். அத்தான் பஸ் ஏறி நேராக ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறார். பதிவுச் சன்னலில் இருந்த பெண், "சைட்ல போடுங்க" என்றாளாம். "போட்டா வெள்ளையா வருதும்மா" என்று இவர் சொல்ல, "எங்களுக்கும் அப்படித்தான் வருது" என்று அவள் ஒரு நோட்டை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டாளாம். ஐந்து நிமிஷம். எங்கள் திரை பச்சையான நாளிலிருந்து ஆஸ்பத்திரி நோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீட்டும் கிடைத்தது. டிப்போவில் கொடுத்துவிட்டு, வரும் வழியில் அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தார். புதுக்கண் கிடைத்தவர் எல்லாவற்றையும் பார்க்கத் துடித்தார். கண்ணாடியைக் கழற்றித் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல பச்சை மாப்ளே. கீழ மூலையில எறும்பாட்டம் ஒரு நம்பர் ஓடுதே, அது என்ன?"

"எங்க அத்தான்?"

"அதோ. 'பெயரில்லாதவை: அறுபத்தோராயிரத்து நானூத்தி ஏழு.' இப்ப எட்டு. ஒன்பது."

அலுவலகம் மொத்தமும் எழுந்து வந்து குனிந்து பார்த்தது. ஒரு மாதமாக அத்தனை பேரும் அந்தத் திரையின் முன்னால்தான் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அகராதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இயக்குநர் பேனாவை எடுத்து அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டார். தப்பு பிடிபட்டுவிட்டது என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். உண்மையாகவே மகிழ்ந்தேன்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'பெயரில்லாதவை என்னும் பெயர் குழுவின் ஒப்புதல் இன்றித் திரையில் பயன்படுத்தப்பட்டிருப்பது தெரியவந்துள்ளது. இப்பெயரை வைத்தவர் யார் என விசாரிக்கக் குழு அமைக்கப்படுகிறது. விசாரணை முடியும்வரை அம்மூலை மறைக்கப்படும். வெளியார் திரையருகே அனுமதிக்கப்படார்.' விசாரணைக் குழுவின் தலைவராக என்னைப் போட்டிருந்தார்கள். தலைவருக்குத் தனி அறை உண்டு என்றார்கள். நான் மறுப்புத் தெரிவித்ததாக நடவடிக்கைக் குறிப்பில் எங்கும் இல்லை.

மூலையில் ஒரு பூந்தொட்டி வைத்து மறைத்தோம். பார்க்க நன்றாகவே இருந்தது.

ஆறு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். அத்தானை டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டிய நேரம்.

"டேய், அந்தக் கடைசி பட்டன் இன்னும் வெள்ளையாத்தான் வருது."

நிமிர்ந்து பார்த்தேன். என் வாய் தானாகவே சொன்னது: "இங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு."

அக்கா, சின்ன வயதில் என் தலையில் குட்டப்போகும் முன் பேசுகிற மெல்லிய குரலில் கேட்டாள்.

"உன் கண்ணையும் ஒரு தடவை காட்டிடலாமா? அத்தானோட சேர்த்து உன் பேரையும் போடறேன்."

"போடு அக்கா" என்றேன்.

"எங்கடா போடறது? சைட்டு சரியாயிடுச்சுன்னு உங்க ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்துதாம். ஆஸ்பத்திரியில அந்த நோட்டைத் தூக்கிட்டாங்க."